ஒவ்வொரு முடிக்கும் ஒரு கெடு: யார்க்கி நாயின் முடி எதுவரை வளரும்?

முந்தின வருஷம் மே மாதம், கத்திரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, எங்கள் வீட்டு யார்க்ஷயர் டெரியர், சுருக்கமாக யார்க்கி, மொட்டையாக வீடு திரும்பினான். பெயர் கருப்பட்டி, வயது அப்போது ஒன்றேகால். வயிற்றிலும் காதுக்குப் பின்னாலும் சிக்கு விழுந்திருக்கிறது, அதை மட்டும் எடுத்துவிட்டு மீதியை லேசாக வெட்டிவிடுங்கள் என்று சொல்லித்தான் க்ரூமிங் கடையில் விட்டிருந்தேன். இரண்டு மணி நேரம் கழித்துப் போனால் மெஷினை ஜீரோவில் வைத்து ஓட்டி முடித்திருந்தார்கள். தலையும் வாலும் தப்பியிருந்தன. நடுவில் இருந்ததெல்லாம் வெறும் தோல். மகள் அழுதுவிட்டாள். மேற்கு மாம்பலத்தில் எங்கள் மாடிப்படியில் எதிர்ப்பட்ட பக்கத்து ஃபிளாட் மாமிக்கு மட்டும்தான் சந்தோஷம். "நன்னாத்தான் போச்சு. மொட்டை போட்டா இனிமே அடர்த்தியா வளரும், பாருங்கோ."

வளருமா? வளர்ந்தால் எத்தனை மாதத்தில்? பழைய நீளத்துக்கே வருமா, பாதியில் நின்றுவிடுமா? எனக்கு அன்றைக்கு ஒன்றுக்கும் பதில் தெரியாது. மகளின் பள்ளி அளவுகோலை வாங்கி, மாதக் கடைசியில் முதுகில் ஓர் இடம், தோளில் ஓர் இடம் என்று அளந்து, மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரில் குறித்துக்கொண்டே வந்தேன். அந்தக் கணக்கும், அதைப் புரிந்துகொள்வதற்காகப் படித்ததும், கால்நடை மருத்துவரிடம் கேட்டதும் சேர்ந்ததுதான் இந்தக் கட்டுரை. யார்க்கி வைத்திருப்பவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் இருவருக்கும் பயன்படும்.

புருவம் ஏன் முழங்காலைத் தொடுவதில்லை?

கண்ணாடி முன்னால் நின்று உங்கள் புருவத்தைப் பாருங்கள். பிறந்ததிலிருந்து அதை வெட்டியிருக்க மாட்டீர்கள். இருந்தும் அது ஒரு சென்டிமீட்டர் அளவிலேயே நிற்கிறது. நாலு விரற்கடை மேலே இருக்கும் தலைமுடி, விட்டால் இடுப்பு வரை போகிறது. ஒரே ரத்தம், ஒரே சாப்பாடு, ஒரே சென்னைத் தண்ணீர். அப்புறம் எங்கிருந்து வந்தது இந்த வித்தியாசம்?

காரணம் கெடு. எந்த முடியும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருப்பதில்லை. தோலுக்குள் புதைந்திருக்கும் முடிக்குழியை ஒரு வாடகை வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் குடிவரும் முடிக்கு இத்தனை நாள் என்று ஒரு ஒப்பந்தம் உண்டு. அந்தக் காலம் முழுக்க வேர் புதிது புதிதாகச் செல்களை உண்டாக்கி முடியை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இது வளர்பருவம். ஒப்பந்தம் முடிந்ததும் வேர் சுருங்கி, வளர்ச்சி நின்றுபோகும். இந்த மாறுதல் பருவம் கொஞ்ச நாள்தான். பிறகு முடி வளராமல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். இது ஓய்வுப் பருவம். நம் ஊர் வாடகைதாரர்கள் போலவே சில முடிகள் காலம் முடிந்த பிறகும் காலி செய்யாமல் மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். கடைசியில் அது உதிரும், அதே குழியில் அடுத்த முடி குடிவரும்.

மனிதத் தலைமுடிக்கு வளர்பருவம் ஏறத்தாழ 2 முதல் 6 ஆண்டு. புருவத்துக்குச் சில மாதம்தான். வேகத்திலும் சின்ன வித்தியாசம் இருக்கிறது, ஆனால் நீளத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த ஒப்பந்தக் காலம்தான்.

நாய்களுக்கும் இதே கதை. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி போன்ற நம் ஊர் வேட்டை நாய்களுக்கு ஒட்டிய, வழவழப்பான முடி. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் வளர்ந்ததும் நின்றுவிடும். லாப்ரடாருக்கும் அப்படித்தான்: எந்த நேரத்தில் பார்த்தாலும் அதன் முடிகளில் பெரும்பகுதி ஓய்வுப் பருவத்தில்தான் இருக்கும். யார்க்கி நேர் எதிர். அதன் முடிகளில் பெரும்பகுதி எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும். நாய் முடி என்று சொன்னாலும், நடத்தையில் நம் தலைமுடிக்குத்தான் அது பக்கம்.

கெடுவை முடித்து வைப்பது யார் என்று கேட்டால், ஒரு புரதம். அதை உண்டாக்கும் மரபணுவின் பெயர் எஃப்ஜிஎஃப்5. 'போதும், நிறுத்து' என்று முடிக்குழிக்கு விசில் ஊதும் போக்குவரத்துப் போலீஸ்காரர் என்று சொல்லலாம். அவர் விடுப்பில் போய்விட்டால் முடி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். 1994-இல் இந்த மரபணுவைச் செயலிழக்கச் செய்த எலிகளுக்கு முடி வழக்கத்தைவிடப் பாதி மடங்கு கூடுதலாக நீண்டது. நாய்களில் நீளமுடிக்கு இதுவே முக்கியக் காரணம் என்று 2006-இல் தெரியவந்தது. 2009-இல் 80 இனங்களைச் சேர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்தவர்கள், நீளம், சுருள், மீசை தாடி என்று நாய் முடியில் நாம் பார்க்கும் வகைகளில் பெரும்பாலானவற்றை மூன்றே மரபணுக்களின் கூட்டணியால் விளக்கிவிடலாம் என்று காட்டினார்கள். அந்த மூன்றில் ஒன்று இந்த எஃப்ஜிஎஃப்5. பெர்ஷியன் பூனையின் நீளமுடிக்கும் இதுதான் காரணம். மனிதர்களில் சில குடும்பத்தினருக்கு அசாதாரணமாக நீண்ட கண்ணிமை முடி இருப்பதற்கும் இதே மரபணுவின் கோளாறுதான் என்று 2014-இல் கண்டார்கள்.

நீளமுடி தருவது ஒடுங்கு பண்பு. அதாவது தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த மாற்றம் வந்தால்தான் குட்டிக்கு நீளமுடி. யார்க்கி இனத்தில் தலைமுறை தலைமுறையாக நீளமுடி நாய்களையே சேர்த்துவந்ததால் அது இனத்தின் நிரந்தரச் சொத்தாகிவிட்டது.

உதிர்வு குறைவு, ஆனால் அலர்ஜி இல்லாத நாய் என்று ஒன்று கிடையாது

வளர்பருவம் நீளம் என்பதால் ஒரே சமயத்தில் உதிரும் முடி குறைவு. அதோடு, யார்க்கிக்கு அடிமுடி இல்லை. நாம் பொதுவாகப் பொமரேனியன் என்று அழைக்கும் வெள்ளை ஸ்பிட்ஸ் நாயின் முடியை விரலால் விலக்கிப் பாருங்கள். நீண்ட மேல்முடிக்கு அடியில் பஞ்சு போல ஒரு அடுக்கு இருக்கும். அந்தப் பஞ்சுதான் கொத்துக் கொத்தாக உதிர்ந்து மின்விசிறிக் காற்றில் சோபாவுக்கு அடியில் உருண்டு திரியும். யார்க்கியில் விலக்கினால் நேராகத் தோல் தெரியும்.

இதை வைத்து அலர்ஜியே வராத நாய் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கிறார்கள். நம்பாதீர்கள். அலர்ஜிக்குக் காரணம் நாயின் எச்சிலிலும் தோல் செதிலிலும் இருக்கும் புரதங்கள். முடி அதைச் சுமக்கும் வண்டி மட்டும்தான். வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் குட்டியை வாங்குவதற்கு முன் யார்க்கி இருக்கும் ஒரு வீட்டில் போய் இரண்டு மூன்று முறை உட்கார்ந்து பார்த்துவிடுவது நல்லது.

தறிக்காரர்கள் வளர்த்த நாய்

19-ஆம் நூற்றாண்டின் நடுவில், ஸ்காட்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதிக்கு வந்த நெசவாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் தங்களோடு சின்னச் சின்ன டெரியர் நாய்களையும் கொண்டுவந்தார்கள். வேலை எலி பிடிப்பது. அங்கிருந்த நாய்களோடு கலந்து உருவானதுதான் இந்த இனம். 1865-இல் பிறந்த ஹடர்ஸ்ஃபீல்டு பென் என்ற ஆண் நாயை இந்த இனத்தின் தகப்பன் என்கிறார்கள். 1871-இல் வண்டியில் அடிபட்டுச் செத்துப்போனது. அதற்குள் கண்காட்சிகளில் பரிசுகளையும் குவித்து, ஏராளமான குட்டிகளுக்கும் தகப்பனாகிவிட்டது. யார்க்ஷயர் டெரியர் என்ற பெயர் வழக்குக்கு வந்தது 1870 வாக்கில். அந்த நாயின் பட்டு முடியைப் பார்த்து, இது பிறந்ததல்ல, தறியில் நெய்து இறக்கியது என்று அக்காலத்தில் கேலி பேசுவார்களாம். சிந்தாதிரிப்பேட்டை, அதாவது 1730-களில் கம்பெனிக்காரர்கள் நெசவாளர்களைக் குடியமர்த்திய சின்னத் தறிப் பேட்டை, உள்ள ஊர்க்காரர்களான நமக்கு அந்தக் கேலி நன்றாகவே புரியும்.

இன்றைக்குக் கண்காட்சி விதிகள் எதிர்பார்ப்பது இதுதான்: எடை 3.2 கிலோவுக்குள், முடி நேராக, பட்டுப் போல, மூக்கிலிருந்து வால் வரை நேர் வகிடு எடுத்து இருபுறமும் தொங்க வேண்டும். பஞ்சு மாதிரியோ கம்பளி மாதிரியோ இருக்கக் கூடாது. இந்தப் பட்டு, பஞ்சு வித்தியாசம் அழகுக்காகச் சொல்வது என்று நான் முதலில் நினைத்தேன். வீட்டில் வைத்திருந்தால்தான் தெரிகிறது: பட்டு முடி வழுக்கிக்கொண்டு விலகும், பஞ்சு முடி ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும்.  பஞ்சு முடிக்காரனுக்குச் சிக்கில் போவது அதிகம்.

பெயர் பொய்த்த கதை

கருப்பட்டிக்கு அந்தப் பெயர் வைத்தபோது வயது 50 நாள். உடம்பு முழுக்கக் கன்னங்கரேல், முகத்திலும் கால்களிலும் மட்டும் பழுப்புத் திட்டுகள். யார்க்கிக் குட்டிகள் எல்லாமே இப்படித்தான் பிறக்கும். முடியும் கட்டையாக, மெத்தென்று இருக்கும். சில மாதம் போனதும் வேர்ப்பக்கத்தில் நிறம் மாறத் தொடங்கும். முதுகு முடியை வகிடு பிரித்துப் பார்த்தால் நுனி கறுப்பு, அடி சாம்பல் கலந்த நீலம், தேய்ந்த இரும்புத் தோசைக்கல் மாதிரி. வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது, அதன் நிறம் தானாக மாறாது. வேரில் புதிதாக உருவாகும் பகுதியில் கருநிறமி குறைவதால் அந்தப் பகுதி வெளுத்து வருகிறது, அவ்வளவுதான். ஆகவே நிறம் மாறும் கோடு, முடி வளர வளர வேரிலிருந்து நுனியை நோக்கி மெல்ல நகரும். முழுதாக மாற இரண்டு, சில நாய்களுக்கு மூன்று வருஷம்கூட ஆகும்.

எங்கள் வீட்டில் இது ஒரே நாளில் நடந்தது போல ஆயிற்று. மெஷின் ஓட்டியபோது கறுப்பு நுனியெல்லாம் கடைத் தரையில் விழுந்துவிட்டது. அடுத்து முளைத்ததெல்லாம் இரும்பு நிறம். "மொட்டை போட்டதால்தான் நரைச்சுடுத்து" என்று மாமி கவலைப்பட்டார். தலையில் கை வைக்காததால் அங்கே பழுப்பு அப்படியே இருந்தது. பனங்கற்கண்டு நிறத்துக்கு அதுவும் மெல்ல வெளுத்துவந்தது. வாங்கும்போது குட்டியின் நிறத்தைப் பார்த்துப் பெயர் வைக்காதீர்கள் என்பதைத் தவிர இதில் சொல்ல ஒன்றுமில்லை.

காலண்டர் சொன்னது

இனி நீளத்துக்கு வருவோம். மே கடைசியில் மொட்டை. ஜூன் கடைசியில் முதுகில் 1 செ.மீ., தோளிலும் 1. செப்டம்பரில் முதுகில் 4, தோளில் மூன்றரை. அதாவது மாதம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். நம் தலைமுடியும் கிட்டத்தட்ட அதே வேகம்தான். நாய்க்கு நாய், இடத்துக்கு இடம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

இதை வைத்து ஒரு கணக்கு போடலாம். வளர்ந்த யார்க்கியின் உயரம் தோள் வரை 20 செ.மீ. சுமார். முதுகு வகிட்டிலிருந்து தரையைத் தொட வேண்டும் என்றால் முடி இருபது, இருபத்திரண்டு செ.மீ. இருக்க வேண்டும். மாதம் ஒன்று என்றால் இரண்டு வருஷத்துக்குக் கிட்டே. ஆறு மாதக் குட்டியைக் கையில் வைத்துக்கொண்டு 'படத்தில் பார்த்த மாதிரி இல்லையே, ஏமாற்றிவிட்டார்களோ' என்று பதறுபவர்களுக்கு இந்தக் கணக்கே பதில். ஒரு முறை வெட்டியும் விடாமல், ஒரு முடி உடையாமல் இருந்தாலே இரண்டு வருஷம்.

உடையாமல் என்று சொன்னேன் அல்லவா, விஷயமே அதில்தான் இருக்கிறது. என் காலண்டரில் டிசம்பருக்கு முதுகில் 7, தோளில் நாலரை. பிப்ரவரியில் முதுகில் 9, தோளில் 5. தோளில் வேர் தூங்கிவிட்டதா? இல்லை. மகளின் அறிவியல் பாடத்துக்கு வாங்கிய பூதக்கண்ணாடியில் பார்த்தேன். முதுகு முடியின் நுனி ஒழுங்காக, மெஷின் வெட்டிய இடத்தில் மட்டமாக இருந்தது. தோள் முடியின் நுனி பிய்ந்த நூல் மாதிரி இரண்டாய், மூன்றாய்ப் பிளந்திருந்தது. சரியாக அந்த இடத்தில்தான் நடைக்குக் கட்டும் நைலான் பட்டை உரசும். வேர் மாதம் ஒரு சென்டிமீட்டர் தள்ளிக்கொண்டிருந்தது. பட்டை அதில் முக்காலைத் தின்றுகொண்டிருந்தது. உள்பக்கம் வழவழப்பான துணி தைத்த பட்டை வாங்கி, வீட்டுக்குள் வந்ததும் கழற்றிவிடும் வழக்கத்துக்கு மாறினோம். ஜூனில் தோள் 8-ஐத் தொட்டது, முதுகு 13.

ஆகவே சூத்திரம் இது: வளரும் வேகத்தைக் கெடுவால் பெருக்குங்கள், உடைந்ததைக் கழியுங்கள், வருவது நீளம். வேகமும் கெடுவும் நாய் பிறந்தபோதே எழுதியாகிவிட்டது. நம் கையில் இருப்பது அந்தக் கழித்தல் மட்டும். முடி வளரவில்லை என்று புலம்பும் வீடுகளில் பாதிக்கு மேல் முடி ஒழுங்காக வளர்ந்துகொண்டுதான் இருக்கும் என்பது என் அனுமானம். எங்கே உடைகிறது என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கண்காட்சிக்காரர்கள் இதை நன்றாக அறிந்தவர்கள். அவர்கள் நாயின் முடியைக் கற்றை கற்றையாகப் பிரித்து, ஒவ்வொரு கற்றையையும் மெல்லிய தாளில் பொட்டலம் மடித்து ரப்பர் வளையம் போட்டுவிடுவார்கள். போட்டி நாளன்றுதான் பிரிப்பார்கள். பொட்டலம் முடியை வளர்ப்பதில்லை, உரசலிலிருந்து காக்கிறது. சென்னையில் ஒரு நாய்க் கண்காட்சிக்குப் போயிருந்தபோது, கூண்டுக்குள் உடம்பு முழுக்கத் தாள் பொட்டலங்களோடு உட்கார்ந்திருந்த யார்க்கியைப் பார்த்தேன். மல்லிப்பூ கட்டி விற்கிற கூடை மாதிரி இருந்தது.

சென்னையில் முடியைத் தின்பவை

முதல் எதிரி உப்புத் தண்ணீர். போர் தண்ணீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் அதிகம். ஷாம்புவோடு சேர்ந்து முடி மேல் ஒரு பிசுக்காகப் படியும். காய்ந்ததும் முடி சொரசொரப்பாகி ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். எங்கள் வீட்டில் குளியலை போர் தண்ணீரில் முடித்துவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் மெட்ரோ தண்ணீர் ஒரு வாளி. அது வராத வாரத்தில் கேன் தண்ணீர். மூன்று கிலோ நாய்க்குக் கேன் தண்ணீரா என்று சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். நாலு மக்கு போதும், முடியில் வித்தியாசம் கையில் தெரிகிறது.

ஷாம்பு நாய்க்கென்று விற்பதாக இருக்கட்டும். நம் தோல் கொஞ்சம் அமிலத்தன்மை உடையது, நாயின் தோல் கிட்டத்தட்ட நடுநிலை. நம்முடையதைத் தொடர்ந்து போட்டால் அதன் தோல் வறண்டு அரிக்கும், அரித்தால் சொறியும், சொறிந்தால் முடி உடையும். சீயக்காய் கண்ணில் பட்டால் என்ன எரிச்சல் என்று நமக்கே தெரியும், அதைச் சொல்லக்கூட முடியாத பிராணிக்கு வேண்டாம்.

இரண்டாவது, ஈரம். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் யார்க்கியை நடைக்குக் கூட்டிப்போய் வந்தால் வயிறும் கால்களும் சொட்டச் சொட்ட இருக்கும். துண்டால் பரபரவென்று தேய்ப்பதுதான் நாம் செய்யும் முதல் தப்பு. அந்தத் தேய்ப்பே சிக்கு போட்டுவிடும். துண்டை வைத்து ஒற்றி எடுத்து, பிறகு சூடில்லாத காற்றில் சீவிக்கொண்டே உலர்த்த வேண்டும். பெசன்ட் நகர் கடற்கரை மணலும் உப்புக் காற்றும் அடுத்தபடி. போகாதீர்கள் என்று சொல்ல எனக்கே மனமில்லை. வந்ததும் நல்ல தண்ணீரில் கால், வயிறு அலசிவிடுங்கள்.

சிக்கு எப்படி விழுகிறது என்பதைக் கிட்டத்தில் பார்த்தால் அதைத் தடுப்பது சுலபம். உதிர்ந்த முடி யார்க்கியின் உடம்பை விட்டு விழுவதில்லை. நீளமான பக்கத்து முடிகளுக்குள் மாட்டிக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றி நாலு முடி முறுக்கிக்கொள்ளும். ஈரம் பட்டுக் காய்ந்தால் முடிச்சு இறுகும். காதின் பின்புறம், கக்கம், தொடை இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடி, இந்த நாலு இடங்களில்தான் ஆரம்பம். மேலே சீவியது பட்டுப் போல இருக்கும். உள்ளே தோலை ஒட்டிக் கம்பளி நெய்துகொண்டிருக்கும். எனக்கு நடந்தது இதுதான். தினமும் சீவினேன், மேலாகச் சீவினேன்.

இப்போது செய்வது: முதலில் தண்ணீரை லேசாகத் தெளித்துக்கொள்வேன், காய்ந்த முடியைச் சீவினால் பொட்டுப் பொட்டென்று ஒடியும். முடியை அடுக்கடுக்காக விலக்கி, தோல் தெரியும் வரை போய், நுனியிலிருந்து தொடங்கி மேல் நோக்கி வருவேன். முடிச்சு தட்டுப்பட்டால் வேர்ப்பக்கம் இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் தோல் இழுபடாது, நாய் முறைக்காது. கொஞ்சம் கார்ன்ஃப்ளோர் மாவைத் தூவி விரலால் பிரித்துவிட்டு, மீதியைச் சிக்குக்கோலால் எடுப்பேன். பாட்டி காலத்துச் சிக்குக்கோல்தான். அலமாரியில் சும்மா கிடந்தது. கடைகளில் நாய்க்கென்று விற்கும் எந்தக் கருவிக்கும் அது இளைத்ததல்ல. கண்ணோரப் பீளைக்குப் பேன் சீப்பு. தினம் பத்து நிமிஷம், ஞாயிற்றுக்கிழமை அரை மணி.

முடி தோலோடு கம்பளியாகிவிட்டால் பிரிக்க முயலாதீர்கள். அது வதை. மெஷின் போடுவதே தர்மம். அந்த விதத்தில் அன்றைக்குக் கடைக்காரர்கள் செய்தது பாதி சரிதான் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

மொட்டை, எண்ணெய், தயிர் சாதம்

மாமியின் மொட்டைக் கொள்கைக்கு வருவோம். நாமும் குழந்தைக்கு மொட்டை போடும்போது இதைத்தான் சொல்கிறோம். வெட்டு விழுவது வெளியே இருக்கும் உயிரற்ற பகுதியில். தோலுக்கு அடியில் இருக்கும் வேருக்கு அந்தச் செய்தியே போகாது. குழிகளின் எண்ணிக்கையும் கூடாது. அப்படியென்றால் மொட்டைக்குப் பிறகு ஏன் கனமாகத் தெரிகிறது? ஒருமுறையும் வெட்டாத முடியின் நுனி ஊசி போல மெலிந்திருக்கும். வெட்டியதும் அந்தக் கூர் போய், தடித்த நடுப்பகுதி மட்டமாக முளைத்து நிற்கும். கை வைத்தால் குத்தும். அதுதான் அடர்த்தி என்ற மாயை. இன்னொரு பக்கம், வெட்டினால் திரும்ப வளரவே வளராது என்ற பயம் அடிமுடி உள்ள ஸ்பிட்ஸ், ஹஸ்கி போன்றவற்றில் ஓரளவு நியாயமானது. அவற்றில் சில மாதக்கணக்கில் மொட்டையாகவே நிற்பதுண்டு. எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும் யார்க்கிக்கு அந்தக் கவலை மிகக் குறைவு.

தேங்காயெண்ணெய் வேரைத் தூண்டாது. உரசலைக் கொஞ்சம் குறைக்கும். உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேய்த்து நுனிகளில் மட்டும் தடவினால் சரி. தலைக்கு எண்ணெய் வைப்பது மாதிரி வைத்தால் சென்னைத் தூசி முழுவதும் அதில் ஒட்டும், மீதியை நாய் நக்கிவிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளும்.

சாப்பாடு மட்டும் உண்மையிலேயே வேர் வரை போகும் விஷயம். முடியில் பெரும்பகுதி கெரட்டின் என்ற புரதம். வளர்ந்த நாயின் உணவில் உலர் எடைக்குக் குறைந்தது 18 சதவீதம் புரதம் வேண்டும் என்பது அமெரிக்கத் தீவன விதி. நம் பக்கத்தில் பல வீடுகளில் நாய்க்கு இரண்டு வேளையும் தயிர் சாதம்தான். அது அந்த அளவை எட்டாது. எட்டாதபோது உடம்பு முதலில் சிக்கனம் பிடிப்பது முடியில்தான். மெலிந்து, மங்கி, சுலபமாக ஒடியும். முட்டை நல்லது, வேகவைத்து. பச்சை வெள்ளைக்கருவில் இருக்கும் ஒரு புரதம் பயோட்டின் என்ற வைட்டமினைக் கட்டிப்போட்டுவிடும். சைவ வீடுகள் கால்நடை மருத்துவரிடம் கேட்டுத் திட்டமிட வேண்டும், குத்துமதிப்பாகச் செய்யக் கூடாது. சரியான சாப்பாடு கெடுவை நீட்டாது. மரபணு கொடுத்த கெடுவை முழுதாக அனுபவிக்க விடும்.

சரி, எவ்வளவு நீளம் வைக்கலாம்?

கண்காட்சிக்குப் போகாத வீட்டு நாய்க்குத் தரையைத் தொடும் முடி சென்னையில் தேவையில்லை என்பது என் கட்சி. நாங்கள் அந்த 13 செ.மீ.-ஐத் தொட்டுப் பார்த்த திருப்தியோடு, ஜூலையில் உடம்பை மூன்று செ.மீ.-க்கு வெட்டிவிட்டோம், குட்டி மாதிரி. கோடைக்கும் அதுவே வசதி. ஆனால் ஜீரோ வேண்டாம். அந்தத் தோல் வெயில் பட்டால் கன்றிப்போகும். முடியை எடுத்துவிட்டால் வியர்த்துக் குளிர்ந்துவிடும் என்றும் நினைக்காதீர்கள்; நாய்க்கு வியர்வை பாத மெத்தைகளில்தான், உடம்புச் சூட்டை வெளியேற்றுவது மூச்சிரைப்பு. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நடக்கும் பிராணிக்கு முடியைவிடப் பெரிய பிரச்சினை கொதிக்கும் தார் ரோடு.

காது நுனியில் மேல் மூன்றில் ஒரு பங்கு முடியை மட்டும் எப்போதும் ஒட்ட வெட்டிவிடுவார்கள். பாரம் குறைந்தால் காது நிமிர்ந்து நிற்கும். பாத இடுக்கு, மலத்துவாரத்தைச் சுற்றி, இவையும் கட்டையாக இருக்கட்டும். உண்ணி ஒளிந்துகொள்ளும் இடமும் இவைதான், அது நம் ஊரில் ஆண்டு முழுக்க உண்டு.

தலையில் குடுமி போட்டால் அழகுதான், கண்ணில் முடி குத்தாது. இறுக்கிக் கட்டாதீர்கள். வேர் தொடர்ந்து இழுபட்டால் அந்த இடம் நிரந்தர வழுக்கையாகிவிடும். யார்க்கிகளுக்கு இது அடிக்கடி நடப்பது. ரப்பர் வளையத்தை உருவி எடுக்காமல் கத்தரித்து எடுங்கள், தினமும் கட்டும் இடத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்?

உடைவது வேறு, வேரோடு போவது வேறு. தோல் தெரியும்படி திட்டு விழுந்தால் அது உரசல் கணக்கில் வராது. வட்டமாக, செதிலோடு இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். யார்க்கி இனத்துக்கு இது சுலபமாகத் தொற்றும், வீட்டில் குழந்தைகளுக்கும் வரும். உடம்பின் இருபுறமும் ஒரே மாதிரி முடி குறைந்து, அரிப்பும் இல்லை, நாய் குண்டாகிறது, சோம்பிக் கிடக்கிறது என்றால் தைராய்டு குறைவாக இருக்கலாம். தண்ணீர் நிறையக் குடித்து, வயிறு தொங்கி, தோல் மெலிந்தால் கஷ்ஷிங் என்ற ஹார்மோன் நோயாக இருக்கலாம். வயதான சின்ன இன நாய்களில் பார்ப்பது. கடும் காய்ச்சலோ பிரசவமோ ஆகி ஒன்றிரண்டு மாதம் கழித்து முடி கொத்தாக உதிர்ந்தால் பயப்பட வேண்டாம்: அந்த அதிர்ச்சியில் ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் கெடு முடித்துக்கொண்டுவிட்டன, தானே திரும்ப முளைக்கும். தடுப்பூசி போட்ட இடத்தில் காசளவு வழுக்கை விழுவதும் இந்த இனத்தில் உண்டு, காட்டி வைத்துவிடுங்கள்.

நாங்கள் போவது வேப்பேரி. 1903-இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை. காலையிலேயே வரிசை நீண்டுவிடும், தண்ணீர் பாட்டிலும் துண்டும் கையில் இருக்கட்டும். போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பிருந்து குளிப்பாட்டாதீர்கள், எண்ணெய் தடவாதீர்கள். தோலைச் சுரண்டிப் பார்ப்பதற்கும் முடியைப் பிடுங்கி நுண்ணோக்கியில் பார்ப்பதற்கும் அது இடைஞ்சல். காலண்டரையும் மறக்காமல் கழற்றி எடுத்துப் போனேன் ஒருமுறை. வரிசையில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். உள்ளே போனதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எப்போதிலிருந்து?"